இராபர்ட் கால்டுவெல்

இராபர்ட் கால்டுவெல் (மே 7, 1814 – ஆகஸ்ட் 28, 1891) என்பவர் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை எழுதிய மொழியியல் அறிஞரும், கிறித்தவ மறைப்பணியாளரும், வரலாற்று ஆய்வாளரும் ஆவார். அயர்லாந்தில் பிறந்து இசுக்காட்லாந்தில் கல்வி பயின்ற இவர், 1838 இல் சென்னைக்கு வந்தார். அதன் பின்னர்த் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைத் திருநெல்வேலிச் சீமையில் உள்ள இடையன்குடி என்னும் சிற்றூரில் கழித்தார். 1877 முதல் ஆயராகப் பணியாற்றி, 1891 இல் ஓய்வு பெற்றுப் பழனி மலையிலுள்ள கோடைக்கானலில் காலமானார்.

தென்னிந்திய மொழிகள் சமசுகிருதத்திலிருந்து பிறந்தவை அல்ல, அவை தமக்கென ஒரு தனிக் குடும்பத்தை உடையவை என்பதை விரிவான சான்றுகளுடன் நிறுவியமையே இவருடைய முதன்மையான பங்களிப்பாகக் கருதப்படுகிறது. நூலகமோ பல்கலைக்கழகமோ இல்லாத ஒரு பனங்காட்டு ஊரிலிருந்து இவர் இப்பணியைச் செய்தார். இதற்குத் துணையாக நின்றவை இவருக்கும் பிற அறிஞர்களுக்கும் இடையே இருந்த நட்பும், கருத்துப் பரிமாற்றமும், கடிதத் தொடர்பும் ஆகும். இவருடைய ஆய்வின் வலிமையையும் குறைகளையும் விளங்கிக்கொள்ள இத்தொடர்புகளை அறிதல் இன்றியமையாதது.

பிறப்பும் கல்வியும்

கால்டுவெல், அயர்லாந்தின் அன்றிம் மாவட்டத்தில் பெல்பாசுட்டு நகருக்கு அண்மையிலுள்ள கிளாடி என்னும் ஊரில் 1814 மே 7 அன்று பிறந்தார். பெற்றோர் இசுக்காட்லாந்து மரபைச் சேர்ந்தவர்கள். இவருக்குப் பத்து வயது நிரம்பும் வேளையில் குடும்பம் கிளாசுகோ நகருக்குக் குடிபெயர்ந்தது. பதினாறாம் அகவையில் டப்ளின் நகரில் இருந்த தமையனிடம் சென்று ஓவியக்கலை பயின்றார். எனினும் சமய நாட்டம் மிகுந்தமையால் ஓவியத்தை விடுத்து 1833 இல் கிளாசுகோவுக்குத் திரும்பினார்.

இலண்டன் மிசன் சங்கம் இவரை மறைப்பணிக்கு ஏற்றுக்கொண்டு கிளாசுகோ பல்கலைக்கழகத்தில் சேர்த்தது. அங்குக் கிரேக்க மொழிப் பேராசிரியராக இருந்த சர் டேனியல் சாண்ட்ஃபோர்டு, ஒரு மொழியை மற்றொரு மொழியுடன் ஒப்பிட்டு ஆராயும் முறையில் இவருக்கு ஆர்வம் ஊட்டினார். ஐரோப்பாவில் ஒப்பியல் மொழிநூல் அப்போதுதான் வளர்ந்து வந்தது. சமசுகிருதம், கிரேக்கம், இலத்தீன், செருமானியம் முதலியவை ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை என்பதைப் பிரான்சு போப்பு முதலிய அறிஞர்கள் விளக்கி வந்தனர். இம்முறையைத் தென்னிந்திய மொழிகளுக்குப் பொருத்திப் பார்க்கும் வாய்ப்பு கால்டுவெல்லுக்குப் பிற்காலத்தில் கிட்டியது.

கப்பல் பயணமும் சென்னை வாழ்வும்

1837 ஆகஸ்டு மாதத்தில் மேரி ஆன் என்னும் கப்பலில் கால்டுவெல் இந்தியாவுக்குப் புறப்பட்டார். தொடக்கத்திலேயே அக்கப்பல் ஒரு பிரெஞ்சுக் கப்பலுடன் மோதி விபத்துக்குள்ளானது. பிளிமத்துத் துறைமுகத்தில் பழுது நீக்கப்பட்ட பின்னரே பயணம் தொடர்ந்தது. 1838 சனவரி 8 அன்று கப்பல் சென்னையை அடைந்தது.

தெலுங்கு மொழிக்கு அகராதி தந்தவரும், வேமனரின் பாடல்களைத் தொகுத்தவருமான சார்லசு பிலிப்பு பிரவுன் அதே கப்பலில் பயணம் செய்தார். பல மாத காலம் நீடித்த கடற்பயணத்தில் பிரவுனிடம் இருந்து இந்திய மொழிகளைப் பற்றிய தொடக்க அறிவை இவர் பெற்றார். இவ்வகையில், தமிழ் மண்ணில் கால் வைக்கும் முன்னரே தெலுங்கறிஞர் ஒருவரின் நட்பு இவருக்கு வாய்த்தது.

சென்னையில் மூன்றாண்டுகளுக்கு மேல் தங்கித் தமிழ் பயின்றார். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்த துரு பாதிரியார் அங்கு இவருக்குத் துணையாக இருந்தார். 1841 இல் இலண்டன் மிசன் சங்கத்திலிருந்து விலகி, எஸ்.பி.ஜி. எனப்பட்ட ஆங்கிலிக்கத் திருச்சபையின் நற்செய்திக் கழகத்தில் இணைந்தார். அவ்வாண்டே சென்னையிலிருந்து கால்நடையாகத் தெற்கு நோக்கிப் புறப்பட்டார். சிதம்பரம், தரங்கம்பாடி, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களைக் கடந்து நீலகிரிக்குச் சென்று அங்குக் குருப்பட்டம் பெற்றார். பின்னர்க் கோயம்புத்தூர், மதுரை வழியாகத் திருநெல்வேலிச் சீமையை அடைந்தார். மக்களின் பேச்சு ஊருக்கு ஊர் எவ்வாறு வேறுபடுகிறது என்பதை நேரில் கேட்டறிய இந்நடைப்பயணம் உதவியது.

இடையன்குடி

1841 இறுதியில் கால்டுவெல் இடையன்குடியில் பணியைத் தொடங்கினார். செம்மணல் தேரியும் பனைமரங்களும் சூழ்ந்த வறண்ட ஊர் அது. மக்களுள் பெரும்பாலோர் பனைத்தொழிலை நம்பி வாழ்ந்தனர். தெருக்களை ஒழுங்குபடுத்துதல், கிணறு வெட்டுதல், பள்ளி நிறுவுதல் ஆகிய பணிகளில் இவர் ஈடுபட்டார்.

1844 இல் நாகர்கோவில் மறைப்பணியாளர் சார்லசு மால்ட்டு என்பவரின் மகள் எலைசாவை மணந்தார். தமிழகத்தில் வளர்ந்த எலைசாவுக்குத் தமிழ் சரளமாக வரும். இடையன்குடியில் பெண்களுக்கான பள்ளியையும், லேசு பின்னும் தொழிலையும் அவர் வளர்த்தார்.

இடையன்குடியின் தூய திரித்துவ ஆலயத்துக்கு 1847 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதன் கட்டுமானம் 33 ஆண்டுகள் நீடித்து, 1880 சூலை 6 அன்று ஆலயம் திறக்கப்பட்டது.

ஒப்பிலக்கணம்: முதற்பதிப்பு

1854 இல் விடுப்பில் தாயகம் சென்ற கால்டுவெல், 1856 இல் திராவிட அல்லது தென்னிந்திய மொழிக் குடும்பத்தின் ஒப்பிலக்கணம் என்னும் நூலை ஆங்கிலத்தில் இலண்டனில் வெளியிட்டார். இதனைப் பாராட்டிக் கிளாசுகோ பல்கலைக்கழகம் இவருக்கு முனைவர் பட்டம் வழங்கியது.

தென்னிந்திய மொழிகள் தனிக்குடும்பத்தைச் சேர்ந்தவை என்ற கருத்தை முதன்முதலில் கூறியவர் கால்டுவெல் அல்லர். சென்னையில் பணியாற்றிய பிரான்சிசு ஒயிட் எல்லிசு, 1816 இல் வெளியான தெலுங்கு இலக்கண நூல் ஒன்றின் முன்னுரையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியவற்றின் வேர்ச்சொற்களை ஒப்பிட்டு இதனை எடுத்துக்காட்டியிருந்தார். ஆனால் எல்லிசு 1819 இல் இறந்தமையால் அவருடைய ஆய்வு மேற்கொண்டு வளரவில்லை. கால்டுவெல் ஒலிகள், வேர்ச்சொற்கள், பெயர், எண்ணுப்பெயர், இடப்பெயர், வினை என ஒவ்வொரு இலக்கணக் கூறாக எடுத்துக்கொண்டு, மொழிகள் அனைத்தையும் அடுக்கி ஒப்பிட்டார். சொற்கள் கடனாகப் பெறப்படலாம், ஆனால் வேற்றுமை உருபுகள், எண்ணுப்பெயர்கள், வினைமுற்று அமைப்பு ஆகியவை எளிதில் கடன் பெறப்படுவதில்லை என்பதே இம்முறையின் அடிப்படை. திராவிடம் என்னும் சொல்லை இக்குடும்பத்தின் பெயராக நிலைபெறச் செய்தவரும் இவரே.

முதற்பதிப்பில் ஒன்பது மொழிகள் எண்ணப்பட்டன. தமிழ், தெலுங்கு, கன்னடம், மலையாளம், துளு ஆகிய ஐந்தும் திருந்திய மொழிகள் என்றும், தோடா, கோத்தா, கோண்டு, கூ ஆகிய நான்கும் திருந்தாத மொழிகள் என்றும் பகுக்கப்பட்டன. 1875 இல் வெளியான இரண்டாம் பதிப்பில் இவ்வெண்ணிக்கை பன்னிரண்டாக உயர்ந்தது. குடகு, ஒராவோன், இராச்மகால் ஆகிய மொழிகள் புதிதாகச் சேர்ந்தன. இடைப்பட்ட பத்தொன்பது ஆண்டுகளில் இந்தியாவின் பல பகுதிகளில் வாழ்ந்த அறிஞர்கள் திரட்டிய செய்திகள் இவ்விரிவுக்குக் காரணமாயின.

அறிஞர் தொடர்புகள்

1854 ஆம் ஆண்டின் அஞ்சல் சட்டத்துக்குப் பின், எடை குறைந்த கடிதம் ஒன்றை இந்தியாவின் எப்பகுதிக்கும் அரையணாச் செலவில் அனுப்ப முடிந்தது. நீராவிக் கப்பல்களின் வருகையாலும், 1869 இல் திறக்கப்பட்ட சூயசுக் கால்வாயாலும் ஐரோப்பாவுக்கான அஞ்சலும் விரைவடைந்தது. இவ்வசதிகள், தொலைவில் தனித்தனியே வாழ்ந்த ஆய்வாளர்களை ஒரு குழுவாக இணைத்தன. தலைச்சேரி, மங்களூர், தஞ்சாவூர், உதகமண்டலம், இடையன்குடி ஆகிய இடங்களில் இருந்தோர் ஒருவர் எழுதுவதை மற்றவர் படித்துத் திருத்தியும் மறுத்தும் வந்தனர். பிரித்தானிய அரசி விக்டோரியாவின் ஆட்சிக்காலத்துப் பிற்பகுதியில் இந்தியவியல் ஆய்வு வளர்ந்த முறை இதுவே.

எர்மன் குண்டர்ட்டு

மலையாள மொழிக்கு இலக்கணமும் அகராதியும் தந்த எர்மன் குண்டர்ட்டு (1814 – 1893), கால்டுவெல் பிறந்த அதே ஆண்டில் செருமனியில் பிறந்தவர். இந்தியாவுக்கு வந்த தொடக்கத்தில் திருநெல்வேலியில் இரேனியசு பாதிரியாருடன் தங்கித் தமிழ் கற்றார். பின்னர்த் தலைச்சேரியில் பணியாற்றி, 1859 இல் தாயகம் திரும்பினார். 1869 இல், சமசுகிருதத்தில் கலந்துள்ள திராவிடக் கூறுகளைப் பற்றிச் செருமானிய மொழியில் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

தென்மொழிகள் சமசுகிருதத்திடம் கடன் பெற்றன என்பதே அதுவரை பெரிதும் பேசப்பட்ட செய்தி. சமசுகிருதமும் தென்மொழிகளிடம் கடன் பெற்றுள்ளது என்பது புதிய பார்வையாக இருந்தது. நீர், மீன், பள்ளி, குடி போன்ற சொற்களைக் கால்டுவெல் ஏற்கனவே இவ்வகையில் ஆராய்ந்திருந்தார். குண்டர்ட்டின் பட்டியல் அவ்வாய்வைப் பலமடங்கு விரிவாக்கியது. கன்னட அகராதி தொகுத்த பெர்டினாண்டு கிட்டலும் 1872 இல் இதே பொருள் பற்றி எழுதினார். ஒப்பிலக்கணத்தின் இரண்டாம் பதிப்பில் இவ்விருவரின் முடிவுகளையும் கால்டுவெல் பெயர் சுட்டி எடுத்தாண்டார். தமக்கு உடன்பாடு இல்லாத இடங்களில் காரணம் கூறி மறுத்தார்.

ஜி. யு. போப்

ஜி. யு. போப் (1820 – 1908), திருநெல்வேலிச் சீமையின் சாயர்புரத்தில் 1842 முதல் பணியாற்றியவர். இருவரும் ஒரே கழகத்தைச் சார்ந்தவர்கள், ஒரே வட்டாரத்தில் வாழ்ந்தவர்கள். ஆயினும் மொழி உறவு பற்றி இருவரும் வேறுபட்டனர். திராவிட மொழிகளுக்கும் கெல்திக்கு, செருமானியம் முதலிய இந்தோ-ஐரோப்பிய மொழிகளுக்கும் நெருங்கிய உறவு உண்டு எனப் போப் கருதினார். நடு ஆசியாவிலும் வட ஆசியாவிலும் வழங்கிய, அக்காலத்தில் சிதிய மொழிகள் எனப்பட்ட குழுவுடனே உறவு மிகுதி எனக் கால்டுவெல் வாதிட்டார். போப்பின் கருத்தைப் பின்பற்றித் தென்னிந்திய நாட்டுப்பாடல்கள் பற்றி 1871 இல் நூல் எழுதிய சார்லசு கோவர் என்பவருக்கும், இரண்டாம் பதிப்பின் பிற்சேர்க்கை ஒன்றில் கால்டுவெல் மறுமொழி அளித்தார்.

நீலகிரியில் வாழும் தோடர்களின் மொழிக்குப் போப் ஓர் இலக்கணச் சுருக்கம் எழுதினார். அது 1873 இல் வெளியான மார்சல் என்பவரின் நூலில் இடம்பெற்றது. தோடர் மொழி திராவிட மொழியே என நிறுவ முனைந்த கால்டுவெல்லுக்கு இத்தகைய ஆய்வுகள் சான்றாக உதவின. பெரிய வினாவில் மாறுபட்ட நண்பர்கள் சிறிய வினாக்களில் ஒருவருக்கொருவர் துணை நின்றமைக்கு இஃது எடுத்துக்காட்டாகும். திராவிட மொழிகளை எந்த வெளிக் குடும்பத்துடனும் உறுதியாக இணைக்க இயலாது என்பதே இன்றைய மொழியியலாரின் பொதுக் கருத்து. எனவே இவ்விவாதத்தில் இருவர் கூற்றும் நிலைபெறவில்லை.

என்றி யூலும் காயல் கடிதமும்

கால்டுவெல்லின் கடிதங்களுள் ஆய்வுலகில் மிகவும் அறியப்பட்டது, என்றி யூல் (1820 – 1889) என்பவருக்கு எழுதியதாகும். வங்காளப் பொறியியல் படைப்பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற யூல், இத்தாலியின் பலெர்மோ நகரில் வாழ்ந்துகொண்டு, மார்க்கோ போலோவின் பயண நூலை விரிவான குறிப்புகளுடன் ஆங்கிலத்தில் பதிப்பித்தார். அதன் முதற்பதிப்பு 1871 இலும், இரண்டாம் பதிப்பு 1875 இலும் வெளிவந்தன.

மார்க்கோ போலோ, பாண்டிய நாட்டில் காயல் என்னும் பெருந்துறைமுகத்தைக் குறிப்பிடுகிறார். அரேபியாவிலிருந்து குதிரைகளை ஏற்றிவந்த கப்பல்கள் அங்குத் தங்கின. அவ்விடம் எது என்பது தெளிவாகவில்லை. காயல்பட்டினமாக இருக்கலாம் என யூல் கருதியிருந்தார். இது குறித்துக் கால்டுவெல் அனுப்பிய விளக்கத்தை யூல் தம் குறிப்பில் அப்படியே சேர்த்துக்கொண்டார்.

காயல்பட்டினமும் புன்னைக்காயலும் பிற்காலத்தில் தோன்றிய ஊர்கள் என்றும், தாமிரபரணியின் கழிமுகத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மைல் உள்ளே இருக்கும் பழையகாயலே மார்க்கோ போலோ கண்ட நகரம் என்றும் கால்டுவெல் விளக்கினார். காயல் என்பது கடலையொட்டிய உப்பங்கழியைக் குறிக்கும் தமிழ்ச்சொல். ஆறு கொண்டுவந்த மணல் துறைமுகத்தைத் தூர்த்ததால் ஊர் கடலை விட்டு விலகிப்போயிற்று. சிற்றூராகச் சுருங்கிவிட்ட அவ்விடத்தைச் சுற்றி இரண்டு மூன்று மைல் தொலைவுக்குப் பழைய கட்டடங்களின் இடிபாடுகளும், ஓட்டுத் துண்டுகளும், சீனப் பீங்கான் சில்லுகளும், முத்துச்சிப்பி ஓடுகளும் பரவிக் கிடந்தமையை இவர் சான்றாகக் காட்டினார். அதற்கும் மேலே, ஆற்றின் உட்பகுதியில் உள்ள கொற்கையே கிரேக்க நூலார் குறித்த முத்துத் துறைமுகம் என்றும், கடல் பின்வாங்கப் பின்வாங்கக் கொற்கை தாழ்ந்து காயல் உயர்ந்தது என்றும், பின்னர்க் காயலும் அவ்வாறே கைவிடப்பட்டது என்றும் எடுத்துரைத்தார். இதற்கு ஊர்மக்கள் வழங்கிவந்த செவிவழிச் செய்திகளையும் இவர் ஆதாரமாகக் கொண்டார்.

அப்பகுதியின் மேடு ஒன்றில் திருநெல்வேலி ஆட்சியர் பக்கிள் கண்டெடுத்த பழங்காசு ஒன்றையும் கால்டுவெல் இக்கடிதத்துடன் அனுப்பிவைத்தார். ஆனால் காசு யூலின் கைக்குப் போய்ச் சேரவில்லை. இதனை யூல் வருத்தத்துடன் அடிக்குறிப்பில் பதிவு செய்துள்ளார். ஒரு காசின் எழுத்தும் வடிவமும் ஓர் அரசனின் காலத்தை நிறுவப் போதுமானவை என்பதால் இவ்விழப்பு சிறியதன்று. 1872 இன் பிற்பகுதியில் காயலுக்கு அருகே நீர்ப்பாசன வேலையாட்கள் கண்ட புதையலிலும் பெரும்பகுதி அறிஞர் பார்வைக்கு வருமுன்னரே சிதறிப்போயிற்று.

பின்னர்க் கொற்கையிலும் காயலிலும் கால்டுவெல் தாமே அகழ்வு மேற்கொண்டு, அதன் முடிவுகளை 1877 இல் இந்தியன் ஆண்டிகுவரி இதழில் வெளியிட்டார். தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1968-69 இல் கொற்கையில் அகழாய்வு செய்தபோது, இவ்வூரின் பழமை மேலும் உறுதிப்பட்டது.

யூல், தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்த ஆர்தர் பர்னல் என்பவருடன் இணைந்து, ஆங்கிலத்தில் கலந்த இந்தியச் சொற்களுக்கு ஆப்சன்-யாப்சன் என்னும் அகராதியைத் தொகுத்தார். அதுவும் பெரும்பாலும் கடிதங்கள் வழியாகவே உருவானது. 1882 இல் பர்னல் இறந்தார். நூல் 1886 இல் வெளிவந்தது. அதில் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் பல இடங்களில் மேற்கோளாக ஆளப்பட்டுள்ளது.

காலக் கணிப்பில் நேர்ந்த பிழை

காயலை அடையாளம் காட்டிய அதே சான்று, மற்றோரிடத்தில் கால்டுவெல்லைத் தவறான முடிவுக்கு இட்டுச் சென்றது. மார்க்கோ போலோ சுந்தர பாண்டியன் என்னும் அரசனைக் குறிப்பிடுகிறார். திருஞானசம்பந்தர் காலத்துக் கூன் பாண்டியனும் சுந்தர பாண்டியன் எனப் புராணங்களில் வழங்கப்படுவதால், இருவரும் ஒருவரே எனக் கால்டுவெல் கொண்டார். இதனால் சம்பந்தரின் காலம் பதின்மூன்றாம் நூற்றாண்டு என முடிவாயிற்று. தமிழ் இலக்கியங்களின் காலம் பலவும் இம்முடிவையொட்டிப் பின்தள்ளப்பட்டன.

திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியராக இருந்தவரும் மனோன்மணீயம் நாடகத்தின் ஆசிரியருமான பெ. சுந்தரம் பிள்ளை (1855 – 1897), 1890களில் வெளியிட்ட திருஞானசம்பந்தர் காலம் பற்றிய ஆங்கில ஆய்வில் இதனை மறுத்தார். சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டுக்குப் பிற்பட்டவர் அல்லர் எனக் கல்வெட்டு, இலக்கியச் சான்றுகளால் அவர் நிறுவினார். இம்முடிவே இன்று ஏற்கப்படுகிறது.

கால்டுவெல்லின் கருத்துப் பரிமாற்றம் பெரும்பாலும் ஐரோப்பிய அறிஞர்களுடனேயே நிகழ்ந்தது. அதே காலத்தில் தமிழறிஞர்கள் ஏட்டுச்சுவடிகளைத் தேடி, தமக்குள் கடிதம் எழுதி, பழந்தமிழ் நூல்களை அச்சேற்றிக்கொண்டிருந்தனர். சி. வை. தாமோதரம் பிள்ளையின் கலித்தொகை 1887 இலும், உ. வே. சாமிநாதையரின் பத்துப்பாட்டு 1889 இலும், புறநானூறு 1894 இலும் வெளிவந்தன. 1875 இல் முடிவுற்ற கால்டுவெல்லின் ஆய்வுக்கு இவை கிடைக்கவில்லை. சங்க இலக்கியங்களைக் கற்றிருந்தால் தமிழின் தொன்மை பற்றி இவர் வேறு முடிவுக்கு வந்திருக்கக்கூடும் என ஆய்வாளர் கருதுகின்றனர்.

எதிர்ப்பும் முறையீடுகளும்

1849 இல் கால்டுவெல் வெளியிட்ட திருநெல்வேலிச் சாணார்கள் என்னும் ஆங்கில நூல், இவருக்கு நீங்காத எதிர்ப்பைத் தேடித் தந்தது. இன்று நாடார் என வழங்கும் சமூகத்தாரின் சமயத்தையும் பழக்கவழக்கங்களையும் அந்நூல் தாழ்வாகச் சித்தரித்தது. அவர்கள் வெளியிலிருந்து வந்து குடியேறியவர்கள் என்றும் கூறியது. நூல் ஆங்கிலேயரின் ஆதரவைத் திரட்டும் நோக்கில் எழுதப்பட்டதாயினும், ஆங்கிலக் கல்வி பெற்ற அடுத்த தலைமுறையினர் அதனைப் படித்தபோது கொதிப்படைந்தனர்.

1857 இல் ஐரோப்பியப் பாதிரிமாரிடமிருந்து பிரிந்து இந்து கிறித்தவ சபையை நிறுவிய சட்டாம்பிள்ளையின் எதிர்ப்புக்கு இந்நூலும் ஒரு காரணம் என வரலாற்றாசிரியர் கூறுவர். 1880களில் மறுப்பு நூல்களும் முறையீட்டுக் கடிதங்களும் தொடர்ந்து எழுதப்பட்டன. இறுதியில் நூல் வழக்கிலிருந்து விலக்கப்பட்டது. யாரைப் பற்றி எழுதினாரோ அவர்களே வாசகர்களாகி மறுமொழி எழுதிய இந்நிகழ்வு, தமிழகச் சமூக வரலாற்றில் குறிப்பிடத்தக்கது.

ஆயர் பணி

1877 மார்ச் 11 அன்று கல்கத்தாவில் கால்டுவெல்லும், பாளையங்கோட்டையில் பணியாற்றிய எட்வர்டு சார்சென்டும் சென்னைப் பேராயருக்குத் துணை ஆயர்களாகத் திருநிலைப்படுத்தப்பட்டனர். தென்னிந்தியாவைப் பெரும் பஞ்சம் (1876 – 1878) வாட்டிய காலம் அது. ஆயரான கால்டுவெல் பஞ்ச நிவாரணப் பணிகளிலும் ஈடுபட வேண்டியிருந்தது.

1881 இல் திருநெல்வேலி மாவட்டத்தின் அரசியல், பொது வரலாற்றை எழுதி வெளியிட்டார். தொல்பழங்காலம் முதல் 1801 இல் ஆங்கிலேயர் ஆட்சிக்கு உட்பட்டது வரையிலான செய்திகளை இந்நூல் கூறுகிறது. பாளையக்காரர் போர்களைப் பற்றி அறிய இன்றும் இது பயன்படுகிறது. 1883 இல் தம் தலைமையிடத்தைத் தூத்துக்குடிக்கு மாற்றினார்.

கோடைக்கானலில் இறுதி நாட்கள்

பழனி மலைத்தொடரில் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கோடைக்கானலில், மதுரையைச் சார்ந்த அமெரிக்க மறைப்பணியாளர்கள் 1845 இல் முதல் வீடுகளைக் கட்டினர். சமவெளியில் காய்ச்சலாலும் வாந்திபேதியாலும் உயிரிழப்புகள் நேர்ந்தமையே அவர்கள் மலையை நாடக் காரணம். 1863 இல் மதுரை ஆட்சியர் லெவிஞ்சு அங்கு ஏரியை அமைத்தார். பின்னர் மதுரை, திருநெல்வேலிப் பகுதிகளில் பணியாற்றிய ஐரோப்பியர் பலரும் கோடைக்காலத்தில் அங்குச் சென்று தங்குவது வழக்கமாயிற்று.

1870களின் நடுவில் தென்னிந்திய இரயில்வே மதுரை வழியாகத் தூத்துக்குடி வரை நீண்டது. ஆயினும் கோடைக்கானலுக்குச் செல்வது எளிதாக இல்லை. அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்கி, மாட்டுவண்டியில் பெரியகுளம் வழியாக அடிவாரத்தை அடைந்து, அங்கிருந்து செங்குத்தான பாதையில் நடந்தோ, குதிரையிலோ, ஆட்கள் சுமக்கும் டோலியிலோ ஏற வேண்டும். வண்டிகள் செல்லும் மலைச்சாலை 1910களில்தான் நிறைவேறியது.

உடல்நலம் குன்றிய கால்டுவெல், 1891 சனவரி இறுதியில் ஆயர் பொறுப்பிலிருந்து விலகிக் கோடைக்கானலில் தங்கினார். அவ்வாண்டு ஆகஸ்ட் 28 அன்று, 77 ஆம் அகவையில் அங்கேயே காலமானார். உடல் மலையிலிருந்து கீழே இறக்கப்பட்டு, தென்கோடியில் உள்ள இடையன்குடிக்குக் கொண்டு செல்லப்பட்டது. செப்டம்பர் 2 அன்று, 33 ஆண்டுகள் உழைத்துக் கட்டிய தூய திரித்துவ ஆலயத்தின் பலிபீடத்துக்குக் கீழ் அடக்கம் செய்யப்பட்டது.

இவருடைய நினைவுக் குறிப்புகளை மருமகன் ஜே. எல். வயட்டு தொகுத்து 1894 இல் வெளியிட்டார்.

மதிப்பீடு

ஒப்பிலக்கணத்தின் மூன்றாம் பதிப்பு 1913 இல், கால்டுவெல் மறைந்து 22 ஆண்டுகளுக்குப் பின் வெளிவந்தது. அதில் இரண்டாம் பதிப்பின் சில பகுதிகள் நீக்கப்பட்டன. பறையர்களும் தோடர்களும் திராவிடர்களே என வாதிட்ட பிற்சேர்க்கைகள் அவற்றுள் அடங்கும். இருபதாம் நூற்றாண்டில் பெரும்பாலும் இச்சுருக்கப் பதிப்பே மீண்டும் மீண்டும் அச்சிடப்பட்டது. ஆதலால் கால்டுவெல்லின் முழுக் கருத்தை அறிய 1875 ஆம் ஆண்டுப் பதிப்பையே நாட வேண்டும்.

திராவிட மொழிகளாக இன்று இருபதுக்கும் மேற்பட்டவை அறியப்பட்டுள்ளன. 1961 இல் பர்ரோவும் எமனோவும் தொகுத்து வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகரமுதலி, இவர் தொடங்கிய பணியின் தொடர்ச்சியாகும். சிதிய உறவு, இலக்கியக் காலம் ஆகியவை பற்றிய இவருடைய முடிவுகள் கைவிடப்பட்டன. எனினும் இம்மொழிகள் ஒரு தனிக் குடும்பம் என்ற அடிப்படை முடிவு மாறவில்லை. மொழியியலில் தோன்றிய இக்கருத்து இருபதாம் நூற்றாண்டின் தமிழக அரசியலிலும் பண்பாட்டிலும் ஆழ்ந்த தாக்கத்தை ஏற்படுத்தியது.

நினைவுச் சின்னங்கள்

1968 இல் சென்னையில் இரண்டாம் உலகத் தமிழ் மாநாடு நடைபெற்றபோது, மெரினா கடற்கரையில் கால்டுவெல்லுக்குச் சிலை நிறுவப்பட்டது. இவருடன் கருத்து வேறுபட்ட நண்பர் ஜி. யு. போப்பின் சிலையும் அதே கடற்கரையில் அமைந்துள்ளது. 2010 மே 7 அன்று இந்திய அஞ்சல் துறை கால்டுவெல் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது. இடையன்குடியில் இவர் வாழ்ந்த இல்லம் தமிழக அரசால் நினைவில்லமாக்கப்பட்டுள்ளது.

எழுதிய நூல்களுள் சில

திருநெல்வேலிச் சாணார்கள் (ஆங்கிலம், 1849)
நற்கருணைத் தியானமாலை (தமிழ், 1853)
திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் (ஆங்கிலம், 1856, திருத்திய இரண்டாம் பதிப்பு 1875)
தாமரைத் தடாகம் (தமிழ், 1871)
திருநெல்வேலி மாவட்டத்தின் அரசியல், பொது வரலாறு (ஆங்கிலம், 1881)